ஒரு வயர்கூடக் குறையக் கூடாது

மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு அவள் பட்டறைக்குள் நுழைந்ததும், மேனேஜருக்கு அன்றைய பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது.

"என்ன இன்ஜினியரம்மா, தலகாணியை மறந்துட்டியா? வேலை நேரத்துல தூங்குறதுன்னு ஆயிடுச்சு, வசதியா தூங்க வேண்டாமா?"

ஃபிட்டர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரித்தால் கூடச் சிரிப்பதும் அங்கே வேலையில் ஒரு பகுதி.

அவள் மெத்தையைக் கடைசிச் சுவரில் சாய்த்து வைத்தாள். "தூங்க இல்ல சார். மோதுறதுக்கு."

விஷயம் இதுதான். நாற்பது பேட்டரி வண்டிகள் கடைகளுக்குக் கிளம்பத் தயாராக நின்றன. பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்துகிற சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு. அதை இந்தத் தடவை மாட்ட வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாட்டியே ஆக வேண்டும் என்று இந்தப் பெண் ஒரு மாதமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். இன்று முதலாளியம்மாவையே கூட்டிவந்து மாடிப்படியில் நிற்க வைத்துவிட்டாள்.

"இன்னைக்கே ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் முதலாளியம்மா. "உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துல லாரி நிக்குது."

"பஞ்சாயத்தே இல்ல மேடம். பிரேக் பிடிச்சா வண்டி நிக்கும். அதுக்குத்தான் பிரேக். மேல ஒரு ஸ்விட்ச் வெச்சா, பிரேக் மேல விரலைப் போட்டுக்கிட்டு ஓட்டுறவன் எல்லாம் வண்டி நகரலைன்னு போன் பண்றான். எனக்குக் காது வலிக்குது."

"பதறினா ஒரே கை ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்கும் சார்" என்றாள் அவள். "ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒரே கைப்பிடியில இருக்கு. மோட்டார் முன்னாடி இழுக்கும், பிரேக் பின்னாடி இழுக்கும், நடுவுல ஆளு போய் விழுவாங்க. போன மாசம் ஸ்விட்ச் இல்லாத வண்டியை ஓட்டிப் பார்த்த தையல்காரம்மா, பிரேக் பிடிச்சுக்கிட்டேதான் கடை ஷட்டர்ல மோதினாங்க."

"பொம்பளைங்க அப்படித்தான்..." என்று ஆரம்பித்த மேனேஜர், மாடிப்படியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பழகாதவங்க அப்படித்தான் சொல்வாங்க. வீட்டுல முதல் ஆளா டிகிரி வாங்கினா இதுதான் தொல்லை. புத்தகத்துல இருக்கிறதெல்லாம் வண்டியில இருக்கணும்."

"இது புத்தகத்துல இல்ல சார். அந்தம்மா மணிக்கட்டுல கம்பி வெச்சிருக்காங்க, அதுல இருக்கு."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. தான் பெரிய மனிதராகிவிட்டதற்கு அடையாளமாக வளர்த்திருந்த தொந்தியை ஒருமுறை தடவிக்கொண்டார். ஸ்பேனரை அவர் கடைசியாகப் பிடித்தது கம்பெனி விளம்பரத்துக்குப் படம் எடுத்த அன்றைக்கு. அதையும் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஆனால் வண்டி ஓட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம்.

"சரி, நானே ஓட்டுறேன். ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கி, விடாம, அதோட பிரேக் பிடிக்கிறேன். நின்னுட்டா வாயை மூடிக்கிட்டு, வண்டி சரின்னு டெஸ்ட் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். போட மாட்டேன்னா, வேலையை விட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிடணும்."

 அந்த வேலையின் சம்பளத்தில்தான் அவள் தம்பி படித்துக்கொண்டிருந்தான். அது மேனேஜருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"சரி சார்" என்றாள். "பச்சை வண்டியை எடுங்க. நேத்து செக் பண்ணினது."

அங்கே ஓட்டிப் பார்ப்பதற்கென்று இரண்டு வண்டிகள் இருந்தன, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பச்சையின் பக்கம் போன மேனேஜரின் கை பாதியில் நின்றது. இவள் இடது பக்கம் காட்டினால் வலது பக்கம் போவதற்குப் பெயர்தான் நிர்வாகம் என்று அவர் நினைத்திருந்தார். இந்த ஒரு மாதத்தில் இவள் சொல்லி அவர் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை.

"எனக்கு வண்டி எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு வந்தாச்சா?" என்று சிவப்பில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் போய், சுவரில் சாய்த்திருந்த மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"ஏம்மா, வெறும் சுவத்துல நான் மண்டையை உடைச்சுக்கணும்னு அவ்வளவு ஆசையா?"

"இல்ல சார். மெத்தை தேவைப்படாது."

ஒப்புக்கொண்டுவிட்டாள். மேனேஜருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆக்சிலேட்டரை முறுக்கினார். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. சுவர் கிட்டே வரவர ஃபிட்டர்கள் ஒதுங்கினார்கள். முறுக்கிய கையைத் தளர்த்தாமல் பிரேக்கை அழுத்தினார். அந்த நொடியே மோட்டாரின் சத்தம் பட்டென்று அடங்கியது. சுவருக்கு ஒரு வண்டி நீளம் மிச்சம் இருக்கும்போதே, கட்டிப்போட்ட மாடு மாதிரி வண்டி நின்றது.

மோட்டாருக்குக்கூடத் தன்னிடம் பயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மேனேஜர் இறங்கினார். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார்.

"மேடம், பார்த்தீங்கல்ல? பெரியவரே, நீங்களும் கேட்டுக்கோங்க" என்று ஹெட் ஃபிட்டரைக் கூப்பிட்டார். "இந்தச் சிவப்பு வண்டி எப்படி இருக்கோ அப்படியேதான் நாற்பதும் போகணும். ஒரு வயர்கூடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"இதுதான் முடிவா, மேனேஜர்?" என்றார் முதலாளியம்மா. "அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"மாத்திப் பேசுறது எங்க பரம்பரையிலேயே கிடையாது மேடம்."

முதலாளியம்மா தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டார். மேனேஜர் டெஸ்ட் பேப்பரை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஹெட் ஃபிட்டர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, சிவப்பு வண்டியில நான் காலையில மாட்டின ஸ்விட்சை நாற்பதுலயும் மாட்டணுமாம், சாரே சொல்லிட்டாரு."