மயில் பூட்டிய குழு

காட்டுப் பறவைகளின் செல்போன் குழுவுக்கு மயில்தான் அட்மின். அது போட்ட நடன வீடியோவை எல்லாரும் ஆகா ஓகோ என்று புகழ, ஆள்காட்டிக் குருவி மட்டும், “இடது கால் தாளம் தப்புது அண்ணே” என்று எழுதியது. அவ்வளவுதான்! இனி அட்மின் மட்டுமே பேசலாம் என்று மயில் குழுவைப் பூட்டிவிட்டது.

மறுநாள் காலை வேடன் வலையோடு வந்தான். ஆள்காட்டி பதறிப்போய்க் குழுவில் எழுதிப் பார்த்தது. ஒரு எழுத்தும் போகவில்லை. ஆளைக் கண்டால் கத்துகிற வாயாயிற்றே, சும்மா இருக்குமா? தொண்டை கிழியக் கத்தியது. ஆடிக்கொண்டிருந்த மயில் விழுந்தடித்துப் பறந்து தப்பியது.

சாயங்காலம் மயில் பூட்டைத் திறந்தது. பறவைகள் ஒரே கும்மாளம். ஆள்காட்டி எழுதியது: “காலையில ஆடினப்பவும் அதே இடது காலுதான் அண்ணே.”

மறுபடி பூட்டு விழப்போகிறது என்றே குழு நினைத்தது. மயிலிடமிருந்து பதில் வந்தது: “எந்த அடியில தம்பி?”