வெள்ளைக்கோழி வாங்கிய செருப்பு

"எங்க வெள்ளக்கோழி போன்ல ஓடர் போட்டு, மாவனல்லையிலேருந்து செருப்பு வாங்குச்சு, புள்ள."

இதைச் சொன்னபோது ஏழுமலையின் முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லை. எதிரே செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரஹ்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். மாவனல்லைச் செருப்புக் கடை அவளுடைய வாப்பா ஜுனைதீனுடையது. அதன் வெப்சைட் அவள் செய்தது. பஸ் மாறி மாறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு றக்வான மலைக்கு அவள் வந்ததே, இந்த ஓடரைப் போட்ட ஆளைக் கண்ணால் பார்க்கத்தான்.

"கோழி போன் தட்டுச்சாம். நாளைக்கு ஆடு பேங்குக்குப் போகும்," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ஏழுமலையின் மனைவி அழகம்மா. தேயிலைத் தோட்டமே போனும் கையுமாக அலைந்தாலும், அந்தச் சனியனைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டவள்.

ஏழுமலை அசரவில்லை. அன்றைக்கு அவர் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு முடிவெட்டப் போயிருந்தார். திரும்பி வந்தால் அழகம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். குருணை பரப்பியிருந்த சுளகுக்கு நடுவில், கண்ணாடி வெடித்த அவருடைய பழைய போன். அதைக் கோழி கொத்தக் கொத்த, போன் கணீரென்று "உங்கள் ஓடர் கிடைத்தது, நன்றி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கோழியும் தலையாட்டியது. சிங்களத்தில் சொல்லியிருந்தாலும் அதற்குப் புரிந்திருக்கும் என்று அடித்துச் சொன்னார்.

ரஹ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கவலை வேறு. எழுத்துத் தெரியாதவர்கள், பார்வை மங்கியவர்கள், உடைந்த போன்காரர்கள் எல்லோரும் வாங்கட்டும் என்றுதான் வெப்சைட்டை மாற்றியிருந்தாள். பட்டன்களைப் பெரிதாக்கினாள். அதுவே வாசித்துக் காட்டும். எழுத வராவிட்டால் பேசினால் போதும். வாப்பாவுக்கோ செருப்புகள் பறந்து பறந்து ஆடிய பழைய வெப்சைட்தான் பிடிக்கும். அப்படி ஒரு ஆள் தானாக வாங்கியதைக் காட்டு, இல்லாவிட்டால் நாளைக்கே பழையதைப் போடுகிறேன் என்றிருந்தார். பேச்சிலேயே வந்த முதல் ஓடர் இதுதான். அதையும் உன் கூட்டாளி எவளோ பேசியிருப்பாள் என்று தள்ளிவிட்டார்.

அவள் பெட்டியைத் திறந்தாள். இடது செருப்பு பெரிது, வலது சிறிது.

"இப்பிடி ஒரு சோடி நாங்க வித்ததே இல்ல, ஐயா."

ஸ்டோரில் வேலை செய்த காலத்தில் தேயிலைப் பெட்டி விழுந்து அகன்றுபோன இடது காலை ஏழுமலை மெதுவாக உள்ளே நுழைத்தார். வருஷக்கணக்காக, ஓரத்தை வெட்டிவிட்ட செருப்போடு நடந்த கால். இது கடிக்கவில்லை.

"பாத்தியா புள்ள, எங்காலச் சுத்திச் சுத்தி வர்றப்பவே கோழி அளவு எடுத்திருக்கு."

அடுப்படியில் ஒரு சட்டி விழுந்தது.

ரஹ்மா தன் போனில் வாப்பாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். பிறகு ஏழுமலையின் போனில் அந்த ஓடரைத் தேடி எடுத்து, அதில் பதிவாகியிருந்த குரலை ஓடவிட்டாள். ஒரு கொக்கரிப்புக்கு நடுவே குரல் கேட்டது.

"எங்க மனுசனுக்குங்க. எட்டுதான் போடுவாரு. இடது காலுக்கு மட்டும் அதவிடப் பெருசு வேணும். வலின்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. கடிக்காததாப் பாத்து அனுப்புங்க."

ஏழுமலை பேச்சை நிறுத்தினார். லயத்து வீட்டுச் சனமே கூடி வந்து பார்த்திருக்க வேண்டிய அதிசயம் அது.

"ஆரு பேசினது இது?" என்றார் ஜுனைதீன் ஸ்பீக்கரில். ரஹ்மா எழுந்து, அடுப்படி வாசலில் தன் போனை நீட்டினாள்.

அழகம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். புதுச் செருப்புக்குள் இருந்த காலை ஒரு தரம் பார்த்தாள்.

"கோழிதாங்க ஓடர் போட்டுச்சு, மொதலாளி," என்றாள். "நான் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்தேன்."