பதினோரு மணி ஃபோன்

"மறுபடியும் ஃபோனா? இது ஆராய்ச்சி பண்ற இடமா, அரட்டை அடிக்கிற இடமா?"

பேராசிரியர் இருமிக்கொண்டே கத்தினார். புதிதாகச் சேர்ந்த உதவி ஆய்வாளர் காதில் வாங்கினால்தானே? லேப் வாசலோரத்து ஃபோனில் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டார்மா, ஆனா பாதி டப்பா அப்படியே இருக்கு... இருமல் இன்னும் விடலைம்மா... நீங்க முட்டிக்குத் தைலம் தேய்ச்சீங்களா?"

தினமும் பதினோரு மணிக்கு அந்த ஃபோன் வரும். அப்போதுதான் சூட்டிலிருந்து எடுத்த டியூபை மேஜையில் அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். திரும்பி வர முழுசாக இருபது நிமிடம்.

"மாமியார்னு நினைக்கிறேன் சார்," என்று பக்கத்து மேஜைக்காரர் போட்டுக் கொடுத்தார்.

பேராசிரியரின் பதற்றம் நியாயமானதுதான். நூல் மாதிரி ஒரு டி.என்.ஏ. துண்டு. அது ஒரு நோய்ப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒட்டாவிட்டால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். ஆறு மாதமாக உப்பைக் கூட்டியாயிற்று, குறைத்தாயிற்று. டி.என்.ஏ. அந்தப் புரதத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"டி.என்.ஏ. டியூபைத் தொண்ணூத்தஞ்சு டிகிரில சூடு பண்ணு, எடுத்த உடனே ஐஸ்ல வைன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன். நாளையிலேருந்து நீ வரவேண்டாம்!"

"சரி சார். மூணு நாளா நான் வச்ச டியூபை மட்டும் ஒருதடவை பாத்துடுங்க."

வேண்டாவெறுப்பாகக் கருவியில் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒட்டியிருந்தது!

பேராசிரியர் நம்பவில்லை. மறுநாள் தானே செய்தார். அவளுடைய உப்பு, அவளுடைய பிப்பெட், அவளுடைய நாற்காலிகூட. ஒட்டவில்லை. பக்கத்திலேயே அவள் செய்தது கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

"உண்மையைச் சொல்லு. என்ன கலந்தே?"

"எதுவும் கலக்கலை சார். ஃபோன் வந்தது. டியூபை அப்படியே வச்சிட்டுப் போனேன்."

பேராசிரியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா! மெதுவா ஆறினாத்தான் அந்த நூல் ஒழுங்கா மடங்கி, புரதத்துல ஒட்டுது. ஐஸ்ல வச்சு நான்தான் ஆறு மாசமா அதைக் கெடுத்திருக்கேன்!"

வெள்ளிக்கிழமை. முடிவை அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். பேராசிரியரே டியூபைச் சூட்டிலிருந்து எடுத்துப் பயபக்தியோடு மேஜையில் வைத்தார். சரியாகப் பதினோரு மணி. ஃபோன் அடித்தது.

"போம்மா, போய் உன் மாமியார்கிட்ட பேசு. கட்டுரையில அந்தம்மாவுக்கு முதல் நன்றி போட்டுடலாம்!"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார்."

"அப்ப யாரு அது?"

அவள் ரிசீவரை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"உங்க அம்மா சார். செல்லுல கூப்பிட்டா நீங்க எடுக்கறதே இல்லையாம். அவன் வேலை கெட்டுடும், சொல்லாதேன்னாங்க."

பேராசிரியருக்கு இருமல்கூட நின்றுபோயிற்று.

"பேசுங்க சார். டியூப் ஆற இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."