சத்தமில்லாத டீசல்

தென்கொரியாவின் தேகு நகரில் எங்கள் கார் கம்பெனி அந்த டீசல் எஸ்யூவியை உருவாக்க நான்கு வருடம் ஆயிற்று. இருபது மாதிரி வண்டிகளை ஓட்டிப் பார்த்த சோதனை ஓட்டுநர் தோ மான்சிக், ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: “இரையுது.”

“உனக்குப் பாம்புச் செவிய்யா,” என்று எரிந்து விழுவார் இயக்குநர் பியோன்.

இருபத்தோராவது வண்டியிலிருந்து இறங்கிய மான்சிக், “ஒரு சத்தமும் கேக்கல,” என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே ‘இது டீசலா?’ என்று ஊரெங்கும் விளம்பரம் வைத்தோம். பியோனுக்குப் பதவி உயர்வு வந்தது. மேசை அடுப்பிலேயே சுட்டுத் தின்னும் பன்றிக்கறியும் சோஜு சாராயமுமாக விருந்து வைத்தார். மான்சிக் மட்டும் வரவில்லை. பியோன் அவர் வீட்டுக்குப் போன் போட்டு, நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். மான்சிக்கின் மனைவி எடுத்தார்.

“அவர்கிட்ட குடுங்க அண்ணி, நன்றி சொல்லணும்.”

“குடுத்து என்னங்க பிரயோஜனம்? நாலு வருஷம் உங்க வண்டி இரைச்சல்ல உக்காந்து ரெண்டு காதும் போயிடுச்சு. ரெண்டு மாசமா ஒண்ணுமே கேக்கல. வேலை போயிடும்னு உங்ககிட்ட மறைச்சுட்டார்.”

பியோன் அவசரமாகப் போனை அணைத்தார். பிறகு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“கையெழுத்துப் போட்டது கைதானே? காது இல்லையே.”

நாங்கள் தலையாட்டிவிட்டு, அடுப்பிலிருந்த கறியைத் திருப்பிப் போட்டோம்.