சாந்தினி அடித்த கோல்

"மேல பாருங்கக்கா, நீலத் துடோங் போட்ட அம்மா. தாய்லாந்து கிளப்புக்கு ஆள் எடுக்க வந்திருக்காங்களாம்!"

கோல்கீப்பர் காமாரியா கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள். பூட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்த சாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். பார்வையாளர் மேடையில் நீல முக்காட்டுடன் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மடியில் சின்னக் கேமரா.

"யாரை எடுக்கவாம்?" பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

"வேற யாரு, நம்ம லோகாவைத்தான் லா."

லோகா என்கிற லோகேஸ்வரி கொஞ்சம் தள்ளிக் குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். பைராம் தோட்டத்திலிருந்து பினாங்கு கால்பந்துக் குழுவுக்கு வந்த புதிதில், ஜெலுத்தோங்கில் சாந்தினியின் ஃபிளாட்டில்தான் தங்கியிருந்தாள். எந்த பஸ் எங்கே போகும், வீங்கிய முழங்காலுக்கு எப்படி ஐஸ் வைப்பது, எல்லாம் சாந்தினி சொல்லிக்கொடுத்ததுதான்.

இப்போது போஸ்டரில் அவள் முகம். போன மாதம் பத்திரிகையில் வந்த படத்தில் லோகா பாய்ந்து கோல் அடித்துக்கொண்டிருந்தாள். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அது சாந்தினியுடையது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனபோது ஒரு குடும்பமே லோகாவைச் சூழ்ந்துகொண்டது. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்று போனை நீட்டியது சாந்தினியிடம். சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு முப்பது நெருங்குகிறது. இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்கப்புறம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைதான்.

"லோகா முன்னாடி ஓடட்டும். சாந்தினி, நீ பந்தைக் குடு. எப்பவும் போலத்தான், சரியா?" என்றார் கோச் புவனேஸ்வரன்.

எப்பவும் போல! பந்தைக் கொண்டுவந்து காலடியில் வைப்பது இவள். பேர் வாங்குவது அவள். இன்றைக்கும் கொடுத்து, தன் காலாலேயே அவளைத் தாய்லாந்துக்கு அனுப்பி வைக்க வேண்டுமா?

விசில் ஊதியது.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே லோகா இடப்பக்கம் தனியாக ஓடினாள். "அக்கா!" என்று கத்தினாள். சாந்தினி பார்த்தாள். பார்க்காததுபோல் பந்தை வலப்பக்கம் தட்டிவிட்டாள். இன்னொரு முறையும் லோகா தனியாக நின்றாள். பந்து பின்னால் திரும்பிப் போனது. "அலாமாக்!" என்று கோல் கம்பத்தடியில் காமாரியா தலையில் கைவைத்தாள்.

இடைவேளையில் லோகா தண்ணீர்ப் போத்தலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, கால் வலிக்குதா? நான் ஃப்ரீயாத்தானே நின்னேன்?"

"கண்ணுல படலை."

"பரவால்ல லா. செகண்ட் ஹாஃப்ல குடுங்க. இன்னைக்கு முக்கியமான மேட்ச்சுக்கா, சொல்லிட்டேன்."

'உனக்குத்தானே முக்கியம்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள் சாந்தினி.

யாரும் கோல் போடாமலே ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து சாந்தினியின் காலில். எதிரே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரி. இந்தப் பக்கம், கோலுக்கு நேராக, கையைத் தூக்கிக்கொண்டு லோகா. அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை.

"அக்கா! இங்கக்கா!"

கொடுத்தால் கோல். நாளைக்கும் அவள் படம்தான் வரும்.

சாந்தினி கொடுக்கவில்லை. தானே உதைத்தாள். பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு வலைக்குள் விழுந்தது.

பாடாங் திடலே அதிர்ந்தது. "சாந்தினி! சாந்தினி!" எத்தனை வருஷம் ஆயிற்று, அந்தப் பேரை இத்தனை பேர் கத்திக் கேட்டு! முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவள் லோகாதான். அந்தக் கைகளை விலக்கிவிட்டு சாந்தினி மேலே பார்த்தாள். நீல முக்காட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் திடலுக்குள் இறங்கினார். லோகாவைக் கடந்து நேராக சாந்தினியிடம் வந்தார்.

"நான் ஷரீஃபா. நல்ல கோல்."

"தேங்க்ஸ் மேடம். லோகாவைப் பாக்க வந்திருக்கீங்கன்னு பேசிக்கிட்டாங்க…"

"லோகாவா? அவ போன வாரமே சைன் பண்ணிட்டாளே. நான் உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

சாந்தினியை ஏறிட்டுப் பார்க்கவே ஷரீஃபா சங்கடப்பட்டார்.

"கோல் அடிக்க எங்ககிட்ட ஆள் இருக்கும்மா. அவங்களுக்குப் பந்து குடுக்கத்தான் ஒருத்தர் வேணும். தன் பேரைப் பாக்காம குடுக்கிறவங்க. நீங்க அப்படித்தான்னு சொன்னாங்க. ஆனா, தனியா நின்ன பொண்ணுக்கு இன்னைக்கு ஒரு பந்துகூட போகலையே. சரி… வர்றேன்."

கையைக் குலுக்கிவிட்டு அவர் நடந்தார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள், மூச்சிரைக்க ஓடி வந்த லோகா சாந்தினியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"சொல்லிட்டாங்களாக்கா? மேட்ச் முடியுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்கக்கா பந்து குடுக்கலைன்னா நான் ஒண்ணுமே இல்ல, அவங்களையும் எடுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னேன். அங்க நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வீடு கேட்டு வச்சிருக்கேன் லா!"