டாக்டரம்மாவின் ஃபில்டர்

"இது ஃபில்டரா, பஸ் ஸ்டாண்டா டாக்டர்? போறவன் வர்றவன் எல்லாம் உள்ளே நுழையறான்."

பல் டாக்டரம்மா வீட்டு ரேடியோவின் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகம் சுளித்தார் கணக்கு வாத்தியார். ஒரே சமயத்தில் நாலு பேர் பேச்சு கேட்டது.

இரண்டு பேருக்குமே, வீட்டிலிருந்தபடி ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசுகிற அமெச்சூர் ரேடியோ பைத்தியம். வானத்தில் முட்டி மோதுகிற சிக்னல்களில் வேண்டியதை மட்டும் உள்ளே விட்டு, மற்றதையெல்லாம் வெளியே நிறுத்துகிற ஃபில்டர் செய்வதில் வாத்தியாரை அடிக்க அவர்கள் ரேடியோ கிளப்பில் ஆள் இல்லை. அவர் ஃபில்டரில் ஒரு சிக்னல் நுழைந்தால் அதன் நிழல்கூடப் பின்னால் வர முடியாது.

"ஃபில்டருக்குக் கம்பியைக் காயிலாச் சுத்தவே நான்தான் கிளப்புல எல்லாருக்கும் கத்துக் கொடுத்தேன். இப்ப நான் ரேடியோவில கூப்பிட்டா உங்களைத் தவிர ஒருத்தர்கூடப் பதில் சொல்றதில்லை. எல்லாம் பொறாமை டாக்டர்."

"அப்படியெல்லாம் இருக்காது சார்."

"அதை விடுங்க. இந்த ஃபில்டரைக் குறுக்கிக் கொடுத்துட்டுத்தான் போவேன்."

"வேண்டாம் சார். இதுவே பழகிடுச்சு."

"சொத்தைப் பல்லைப் பழகிடுச்சுன்னு விட்டுடுவீங்களா?"

வாத்தியார் ரேடியோவின் மூடியைத் திருகித் திறந்து, பழைய காயில்களைப் பிடுங்கி, கையோடு கொண்டுவந்த புதுசுகளைப் பற்றவைத்தார். நாலு குரல் ஒரு குரல் ஆனது.

"எப்படி?"

"பிரமாதம் சார்," என்றார் டாக்டரம்மா. முகத்தில் ஈயாடவில்லை.

'நல்லதுக்குக் காலமில்லை' என்று நினைத்துக்கொண்டே வாத்தியார் வீடு திரும்பினார்.

சாயங்காலம் வழக்கம்போல மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்தார். டாக்டரம்மாவின் குரலும் வரவில்லை.

"பொறாமைக்காரங்க கூட்டத்துல இப்ப டாக்டரம்மாவும் சேர்ந்துட்டாங்களா?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

வாத்தியாருக்கு நிஜமாகவே வலித்தது. நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவருக்கு அந்த ஒரு பேச்சுதான் ஆறுதல். போனை எடுத்தார்.

"டாக்டர், நான் கூப்பிட்டது கேட்கலையா?"

"முதல் வார்த்தை கேட்டுது சார். அப்புறம் நழுவிட்டீங்க. உங்க டிரான்ஸ்மிட்டர் சூடாக ஆக ஒரே அலைவரிசையில நிக்காம நகர்ந்துக்கிட்டே போகும். பழைய ஃபில்டர் அகலம். நீங்க எங்க நகர்ந்தாலும் அதுக்குள்ளேயே இருப்பீங்க. அதான் மாத்தாமலே வச்சிருந்தேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

வாத்தியார் தன் டிரான்ஸ்மிட்டரைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

"அப்ப கிளப்புல மத்தவங்க பதில் சொல்லாதது பொறாமையால இல்லையா?"

டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அவங்க எல்லார் ரேடியோவிலயும் இருக்கறது நீங்க செஞ்சு கொடுத்த ஃபில்டர்தான் சார்."