கட்டைவிரல்

அரசுக் காப்பீட்டில் ஆட்டிசப் பயிற்சி கிடைக்க வேண்டுமென்றால் பிள்ளையின் கட்டைவிரல் ரேகை கருவியில் பதிய வேண்டும். யார் தொட்டாலும் அலறுகிற ஐந்து வயதுப் பிள்ளை ஜெனிலா. அதனால் அவள் அம்மா செலின் ஒரு மாதமாக அவளைத் தொடாமலே, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கருவியாக்கி, அதில் தன் கட்டைவிரலை வைத்து வைத்துக் காட்டினாள். வைக்கும்போதெல்லாம், ரேகை பதிந்தால் கருவியில் எரியும் விளக்குக்குப் பதிலாக, பச்சைத் தாள் சுற்றிய டார்ச்சை எரியவிட்டாள்.

இன்று காப்பீட்டு அலுவலகத்தில் ஜெனிலா தானாகவே கருவியில் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சிரித்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் பேனாவை மூடினார். “பிள்ள நல்லாத்தானம்மா இருக்கு? சொன்னதச் செய்யுது, சிரிக்குது. இதுக்கு எதுக்கும்மா தெரபி? நெசமாவே முடியாத பிள்ளைங்க வெளிய வரிசையில நிக்குது.”

“அவளுக்கு இது ஒண்ணுதான் சார் தெரியும்.”

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

செலின் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அலறட்டும், இந்த ஆள் கேட்கட்டும். இன்னும் இறுக்கினாள்.

ஜெனிலா அலறவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுகையின் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தி, விளக்கு எரிவதற்காகக் காத்திருந்தாள்.